நிழல் தாங்கிய சுவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், நாகர்கோவிலில் உள்ள என் ஸ்டுடியோவுக்கு இருவர் வந்து, மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்தது பள்ளி நாட்களில் எடுத்த ஒரு சிறிய படம். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, மேலுதட்டில் அரும்பத் தொடங்கிய மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. இறந்தவருக்கு வயது முப்பத்தெட்டு என்று சொன்னதால், இதைவிட அண்மையில் எடுத்த படம் ஏதும் இல்லையா என்று கேட்டேன். இருவரில் மூத்தவர் தெருவைப் பார்த்தபடியே, "இதுதான் இருக்கு, இத வச்சே செய்யுங்க" என்றார். சாவு வீட்டுக்காரர்களிடம் அதற்குமேல் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, மங்கலைத் துடைத்து, வெள்ளைச் சட்டையின்மேல் கறுப்புக் கோட்டு ஒன்றைப் பொருத்தினேன். பின்னால் நீல வானமும் இருபுறமும் குத்துவிளக்குகளும் வைத்து, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளை இட்டேன். மீசையைச் சற்று அடர்த்தியாக்கச் சொன்னார்கள். அதற்காக முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கியபோதுதான் இடது புருவத்தின் நடுவே ஓடிய வெட்டுத் தழும்பு கண்ணில் பட்டது.

அந்தத் தழும்பை நான் அறிவேன். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் தெருவில் கடை கேட்டு வரும் திருநங்கைகளில் ஒருவருக்கு அது உண்டு. பிச்சிப்பூ வைத்த நீண்ட சடையும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக வந்து, கடைக்குள் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவர் வெளியேறும்வரை படியிலேயே ஒதுங்கி நிற்பார். நான் பத்து ரூபாய் கொடுப்பேன். தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போவார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியும். அவ்வளவும் தெரிந்தபின்னும் அந்த மீசையை நான் அடர்த்தியாக்கினேன். அவருக்குச் சொந்தமல்லாத ஒரு பெயரை, அவர் இருபது ஆண்டுகளாக விட்டுவிட்டிருந்த ஒரு பெயரை, பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் சுவரொட்டி அச்சாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மூன்று திருநங்கைகள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மற்ற இருவருக்கும் தாய் முறையில் இருந்த மூத்தவர், சுவரிலிருந்து உரித்த சுவரொட்டியை மடித்துக் கையில் வைத்திருந்தார். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். அவர் அதை என் மேசைமீது விரித்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டு, "இதில இருக்கது ஆரு மக்ளே?" என்று மட்டும் கேட்டார். வீட்டார் கேட்டார்கள், செய்து கொடுத்தேன் என்றேன். "அது செரிதான்" என்றார். பிறகு, செல்பேசியில் இருந்த மங்கலான ஒரு படத்தைக் காட்டி, அதைச் சிறிதாக ஒரு பிரேம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அந்தப் படத்தில் இறந்தவர் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தார். தெரிந்ததெல்லாம் கண்களும் அந்தப் புருவமும்தான்.

செய்து கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

சுவர்களில் யார் இருக்கிறார்கள்

நம் மாவட்டத்தின் சுவர்களை ஒருமுறை நின்று பார்த்தால், இந்த மண்ணில் யாருடைய முகம் பொதுவெளிக்கு உரியது என்று கருதப்படுகிறது என்பது புரிந்துவிடும். வடசேரி முதல் களியக்காவிளை வரை கட்சித் தலைவர்களின் முகங்கள், பூப்புனித நீராட்டு விழாச் சிறுமிகள், மணமக்கள், திருவிழாவுக்கு வாழ்த்துச் சொல்லும் இளைஞர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இறந்தவர்கள். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி என்று, இறந்தவர்கள் நம் சந்திப்புகளில் நம்மோடு பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். இந்த வழக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, அதில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது. வாழ்நாளெல்லாம் பீடி சுற்றியவரும் ரப்பர் பால் வெட்டியவரும் ஒருநாளாவது தம் ஊர்ச் சுவரில் பெரிய முகமாக இருந்துவிட்டுப் போக வழி செய்யும் நல்ல வழக்கம் அது. ஆனால் அந்த ஒருநாள்கூட, இருபது ஆண்டுகள் இதே தெருவில் நடந்த ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு யாருக்கோ. அந்த வேறு யாரோவை உருவாக்கியது என் கை.

திருநங்கைகளைப் படம் எடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உண்மையில் அவர்களைத் தேடித் தேடி எடுக்கிறோம். சித்திரை முழுநிலவை ஒட்டிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அவர்கள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வதையும், மறுநாள் அதை அறுத்து வெள்ளையுடுத்தி அழுவதையும் எடுக்க நாடெங்கிலுமிருந்து கேமராக்கள் வந்து குவிகின்றன. இந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்துச் சவறையில் உள்ள கொற்றங்குளங்கரைக் கோயிலில், மீன மாதம் 10, 11 ஆகிய நாட்களில், ஆண்கள் பெண் வேடமிட்டு விளக்கேந்தும் சமயவிளக்குத் திருவிழாவிலும் அப்படித்தான். வேண்டுதலுக்காக வேடமிடும் ஆண்களோடு திருநங்கைகளும் அங்கே வருகிறார்கள். நானும் இருமுறை போயிருக்கிறேன். நல்ல படங்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் இருக்கும் ஒருவருக்குக்கூட நான் ஒரு பிரதியை அனுப்பியதில்லை. திருவிழா ஆண்டுக்கு ஓரிரு நாள். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், யாரோடு சாயா குடிக்கிறார்கள், மழை வந்தால் எந்தக் கூரையின்கீழ் ஒதுங்குகிறார்கள் என்பதை எடுக்க எந்தக் கேமராவும் வருவதில்லை.

பொது இடத்தில் தென்படுவதே இவர்களுக்குக் குற்றமாக இருந்த காலம் உண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அது நடைமுறைக்கு வந்த வட இந்தியப் பகுதிகளில், இவர்களுடைய பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. அப்படிப் பதியப்பட்டவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், இரண்டு ஆண்டுவரை சிறையில் வைக்கலாம். நம் பகுதி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் அச்சட்டத்தின் கை இங்கே நீளவில்லை. ஆனால் எந்த உடையில் யார் தெருவில் நடக்கலாம் என்பதை அரசு தீர்மானிப்பது எப்படியிருக்கும் என்று நம் மாவட்டத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காக நம் பாட்டிமார் பட்ட பாடும், மேலாடை அணிய இசைந்து 1859ஆம் ஆண்டு வந்த அரசாணையும் இங்கே வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை. அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும் வீடுகளில் ஒன்றிலிருந்துதான் அந்தப் பள்ளிக்கூடப் படமும் வந்தது.

தாங்கல்

அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பின், அந்த மூத்த அம்மாவை நான் அடிக்கடி பார்க்கத் தொடங்கினேன். வடசேரிப் பக்கம் ஒரு சந்தில், மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் மதிலை ஒட்டி ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. ஓட்டுக்கூரை, பால் சட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் ரசவடையும் ஏத்தன்பழ பஜ்ஜியும், மதிலோரம் அயனிப் பலகையில் செய்த ஒரு நீண்ட பெஞ்சு. மாலை நான்கு மணிக்குமேல் அந்தப் பெஞ்சு திருநங்கைகளுடையது. இளையவர்கள் வந்ததும் மூத்தவருக்குப் "பாம்படுத்தி" சொல்லி வணங்குவார்கள். அன்றைய வரவு செலவு, யாருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை, யாருடைய அடையாள அட்டை விண்ணப்பம் என்ன ஆயிற்று, யார் வீட்டிலிருந்து அம்மா ரகசியமாகப் போன் செய்தாள் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் முதலில் வந்து உட்காருவதும் அந்தப் பெஞ்சில்தான். கடைக்காரர் நாற்பது ஆண்டுகளாக யாரையும் எழுப்பிவிட்டதில்லை. யாருக்கும் தனியாகக் கண்ணாடித் தம்ளர் வைத்ததும் இல்லை.

ஒருநாள் அந்த அம்மா அந்த இடத்தைத் "தாங்கல்" என்று சொன்னார். "எங்களுக்கு இதுதான் தாங்கல், கேட்டியா?" என்றார். அவர் சாமித்தோப்புப் பக்கத்தில் பிறந்தவர். அங்கே வாழ்ந்த சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் காலத்திலேயே தொடங்கிய நிழல் தாங்கல்கள், கோயிலுக்குள்ளும் பொதுத் தெருவிலும் இடமில்லாதிருந்த மக்கள் கூடி வணங்கவும் ஒன்றாக உண்ணவும் எழுத்துக் கற்கவும் அமைந்த இடங்கள் என்பதை அறிந்தே அந்தச் சொல்லை எடுத்தார். சிறுவனாக வளர்க்கப்பட்டபோது தலைப்பாகை கட்டி, அய்யாவின் கோயிலான பதிக்குப் போய் நின்றதைச் சொன்னார். அங்கே கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. நிற்பவர் தம் முகத்தையே பார்க்க வேண்டும். "கண்ணாடியில நிக்கது நான் இல்லன்னு பத்து வயசிலயே தெரியும் மக்ளே. ஆருட்ட சொல்ல?" என்று கேட்டுவிட்டுத் தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்து உணவகம் ஒன்றின் நினைவு வந்தது. அந்நகரின் டெண்டர்லாயின் பகுதியில் இரவு முழுவதும் திறந்திருந்த காம்ப்டன்ஸ் கஃபெட்டீரியா, மற்ற இடங்களில் ஏற்கப்படாத திருநங்கைகள் வந்து உட்காரும் இடமாக இருந்தது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓரிரவு, காவலர் ஒருவர் பிடித்திழுத்தபோது ஒரு திருநங்கை கோப்பையில் இருந்த காப்பியை அவர் முகத்தில் வீசினார். அடுத்த கணம் தட்டுகள் பறந்தன, கண்ணாடிகள் உடைந்தன. பால்புதுமையினர் உரிமைப் போராட்டத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது. இருந்தும் அது எந்தத் தேதியில் நடந்தது என்றுகூட இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைய செய்தித்தாள்கள் அதை எழுதவில்லை. வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர் ஆண்டுக்கணக்கில் தேடி, அங்கே இருந்தவர்களைக் கண்டுபிடித்துக் கேட்டதால்தான் அது வெளியே தெரிந்தது. 2006இல் அந்த நடைபாதையில் நினைவுக்கல் ஒன்று பதித்தார்கள். கல் வைப்பதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நம் சந்தில் இருக்கும் அயனிப் பலகைக்கு நாற்பது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. சாலை அகலப்படுத்தும் அளவுக்கோடுகள் ஏற்கெனவே அந்த மதிலில் சிவப்பு மையில் போடப்பட்டிருந்தன.

அந்த மதிலிலேயே அவர்களுடைய முகங்களை ஆள் உயரத்துக்குமேல் பெரிதாக ஒட்டலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2011இல் தொடங்கிய இன்சைட் அவுட் என்னும் திட்டத்தில், உலகின் பல ஊர்களில் சாதாரண மக்கள் தம் முகங்களைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சிட்டுத் தம் தெருச் சுவர்களில் தாமே ஒட்டியிருக்கிறார்கள். பெங்களூரில் 2016இல் தொடங்கிய அரவாணி ஆர்ட் பிராஜெக்டில் திருநங்கைகளே தூரிகை பிடித்து நகரச் சுவர்களில் பெரிய முகங்களை வரைகிறார்கள். இரண்டிலும் என்னை ஈர்த்தது ஒன்றுதான். சுவரில் இருப்பவர்களே சுவரின் முன்னாலும் நின்று வேலை செய்கிறார்கள்.

"அவகிட்ட கேட்டியா?"

பெஞ்சுக்கு வழக்கமாக வருபவர்கள் பதின்மூன்று பேர். ஆலை உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். பொது இடங்களைச் சுவரொட்டியால் சீர்குலைப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருப்பதால், தனியார் மதிலாக இருந்ததே நல்லதாயிற்று. நான் ஸ்டுடியோவிலிருந்து சாம்பல் நிறத் திரைச்சீலையையும் இரண்டு விளக்குகளையும் கொண்டு போனேன். முகம் மட்டும், பின்னணியில் ஒன்றும் இல்லாமல், எல்லாரும் ஒரே அளவில் என்பது என் திட்டம். அந்த அம்மா திரையைப் பார்த்ததும் அதைச் சுருட்டச் சொல்லிவிட்டார். "அடையாள அட்டைக்கு எடுக்கப்பவும் பின்னால ஒரு துணி. பெஞ்சு தெரியட்டும், மதிலு தெரியட்டும், எங்க இருக்கோம்னு தெரியட்டும்" என்றார். அவர் சொன்னது சரி. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கும் சான்றிதழுக்காக அவர்களில் பலரை நானே பாஸ்போர்ட் அளவில் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களில் அவர்கள் எந்த ஊரிலும் இல்லை.

ஒன்பது பேர் முகம் காட்டச் சம்மதித்தார்கள். இருவர் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். இருவர், வாடகை வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டு இறக்கிவிடுவார் என்று அஞ்சினாலும், சுவரில் தாங்களும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி உட்கார்ந்தார். விடியும் முன்னே தோவாளைச் சந்தைக்குப் போய் வாங்கி வந்த பிச்சிமொட்டை நெருக்கித் தொடுத்த சரம், பின்னல் முழுவதும் சுற்றி இடுப்புவரை இறங்கியிருந்தது. கழுத்தோரம் ஒரு சிறு மயிர்க்கற்றை வியர்வையில் ஒட்டியிருந்தது. முகமே இல்லாத அந்தப் படம்தான் பிறகு தெருவில் அதிகம் பேர் நின்று பார்த்த படமாயிற்று. மற்றவர் தம் கைகளை மட்டும் தந்தார், சாயாத் தம்ளரைச் சுற்றிப் பிடித்த இரண்டு கைகள்.

எல்லாரையும் எடுத்து முடித்தபின், நான் சேர்த்து வைத்திருந்ததை வெளியே எடுத்தேன். செல்பேசியில் இருந்த அந்தப் பாதி முகத்தை, என்னால் முடிந்த அளவு தெளிவாக்கி, மற்றவற்றைவிடப் பெரிதாக அச்சிட்டிருந்தேன். மதிலின் நடுவே அவர் இருக்க வேண்டும், அவருடைய உண்மையான பெயர் கீழே இருக்க வேண்டும், என் கையால் நடந்த தவறை என் கையாலேயே திருத்த வேண்டும் என்று பல நாட்களாக மனத்துக்குள் வைத்திருந்தேன். அந்த அம்மா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். இளையவர்கள் சிலர் அழத் தொடங்கினார்கள்.

"அவகிட்ட கேட்டியா மக்ளே?"

நான் பதில் சொல்லவில்லை.

"உயிரோட இருக்கப்ப கேமராவக் கண்டா முந்தானைய இழுத்து மூடுவா. அவளுக்க தங்கச்சிக்க மக்கள் இந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவுது. அதுக கண்ணுல படப்பிடாதுன்னு அவ அந்தப் பக்கத்துத் தெருவிலகூட கடை கேக்க மாட்டா. வீட்டுக்காரங்க அவள்ட்ட கேக்காம ஒண்ணு ஒட்டினாங்க. இப்ப நாமளும் கேக்காம ஒண்ணு ஒட்டவா? உனக்க மனசு ஆறணும்னு அவளுக்க படத்த ஒட்டாண்டாம்."

இந்தச் சொற்களைத்தான் நான் இன்றுவரை சுற்றிவந்துகொண்டிருக்கிறேன். மதிப்புச் செய்கிறேன் என்று நான் நம்பியது, எனக்குப் பொறுக்க முடியாமல் போன ஒன்றை வேறொருவருடைய முகத்தின்மேல் இறக்கி வைப்பதாக இருந்தது. அந்த முகத்துக்கு உரியவர் தம் விருப்பத்தை வாழ்ந்த காலத்தில் முந்தானையால் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். படம் எடுப்பவர்களாகிய நாங்கள், மறைந்திருப்பவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே நன்மை என்று எளிதாக நம்பிவிடுகிறோம். யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை அந்த முகத்துக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும், அவர் இறந்துவிட்டாலும் அவர் சொன்ன சொல்லே நிற்க வேண்டும் என்பதை, இத்தனை ஆண்டு கேமராவைத் தூக்கியபின், கேமராவே இல்லாத ஒருவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அச்சிட்ட படத்தை அவரே சுருட்டி எடுத்துப் போனார். பெஞ்சின் வலது ஓரத்தை, இறந்தவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்தை, ஆளில்லாமல் ஒரு படம் எடுத்தோம். பன்னிரண்டாவதாக அதையும் ஒட்டினோம். அதன் கீழே பெயர் இல்லை.

மைதாவும் மயில்துத்தமும்

ஒட்டும் வேலைக்கு, நகரில் முப்பது ஆண்டுகளாகச் சுவரொட்டி ஒட்டும் ஒருவர் வந்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால்தான் பூச்சி அரிக்காது, மாடு நக்காது என்று சொல்லி, நீலம் பாய்ந்த பசையை வாளியில் கொண்டு வந்தார். தாள்களை எப்படிச் சுருக்கமில்லாமல் விரிப்பது, துடைப்பத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுத்தார். அதன்பின் அவர்களே ஏணியில் ஏறினார்கள். தன் கன்னத்தைத் தானே துடைப்பத்தால் நீவி ஒட்டும் ஒரு பெண்ணை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விடிந்தபோது பன்னிரண்டு படங்களும் மதிலில் இருந்தன.

காலை எட்டு மணியளவில் தலையில் மீன்கூடையோடு வந்த ஒரு பாட்டி, படங்களின் முன் நின்று, கூடையை இறக்கி வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நம் ஊரில் சுவரில் முகம் இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். கலங்கிய குரலில், "இத்தன பேரா? எப்படிப் போனாங்க பிள்ளே?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த அந்த அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரும் சாவல்ல பாட்டி. எல்லாரும் இஞ்சதான் இருக்கோம்" என்று சொல்லி, அவரைப் பெஞ்சுக்கு அழைத்து வந்து சாயா வாங்கிக் கொடுத்தார். பாட்டி குடித்துக்கொண்டே, எதிரில் இருப்பவர்களையும் மதிலில் இருப்பவர்களையும் மாறி மாறிப் பார்த்து, இது நீயா, அது நீயா என்று ஒவ்வொருவரையாக அடையாளம் கண்டுகொண்டிருந்தார். ஆளில்லாத பெஞ்சின் படத்துக்கு வந்ததும் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில் தாள்களின் அடி ஓரம் கிளம்பியது. ஐப்பசியில் பெரும்பாலானவை உரிந்துவிட்டன. பிச்சிப்பூச் சடை மட்டும் ஓட்டின் இறவாரத்துக்குக் கீழே இருந்ததால் தை வரை நின்றது. மீண்டும் ஒட்ட வேண்டும் என்று அவர்களே தாள் விலை கேட்டு வைத்திருக்கிறார்கள். இம்முறை, அன்று விலகிக்கொண்ட இருவரில் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அம்மா தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தார். பச்சைப் பட்டுச்சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, தலைநிறையப் பூ. நிற்க வைத்து எடுத்தேன், உட்கார வைத்து எடுத்தேன், திரையில் காட்டியபோது உட்கார்ந்திருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறகு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்து, "நேரம் வரப்ப வேற ஆரு எந்தப் படத்தோட வந்தாலும் இததான் நீ அடிக்கணும். கோட்டு போடாண்டாம்" என்றார். தாளில் அவருடைய பெயர் கட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே தோற்றம் என்று எழுதி, அவர் அந்தப் பெஞ்சுக்கு முதன்முதலாக வந்து உட்கார்ந்த தேதியைப் போட்டிருந்தார். அடுத்த வரியில் மறைவு என்று எழுதி, இடம் விட்டிருந்தார். தாளையும் படத்தையும் ஓர் உறையில் இட்டு மேசையின் மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.